டாக்டர் ஷிவாகோவில் வளர்ப்புத் தாயாக வரும் நடிகை: அவருடைய மேடை வாழ்க்கை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஒத்திகை எழுதியது:

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து 'டாக்டர் ஷிவாகோ' பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். இடைவேளைக்கு முன்னாலேயே அப்பா தூங்கிவிட்டார். எனக்கு அந்த ஆரம்பக் காட்சிகளை விட்டு மனம் நகரவே இல்லை. தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த சிறுவன் யூரியை அன்று இரவு ஒரு அம்மாள் படுக்க வைக்கிறார் அல்லவா, ஆனா க்ரோமெக்கோ, அவரைத்தான் சொல்கிறேன். அவருக்கு வசனம் கொஞ்சம்தான். ஆனால் அடுத்த அறையில் இருந்து கேட்டாலும் யாருடைய குரல் என்று திரும்பிப் பார்க்க வைக்கிற குரல்.

பெயர்ப் பட்டியலில் தேடி எடுத்தேன். முதல் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'சியோபான்' என்று வருகிறது. அடுத்தது மெக்கென்னா. அயர்லாந்துக்காரராம். இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் 'மாபெரும் மேடை நடிகை' என்று ஒரே வரிதான். இன்னொரு இடத்தில், பெர்னார்ட் ஷாவின் 'செயின்ட் ஜோன்' நாடகத்தை ஐரிஷ் மொழியில் அவரே மொழிபெயர்த்து, அவரே நடித்தார் என்று போட்டிருந்தது. எங்கள் குழுவும் இப்போது ஒரு மொழிபெயர்ப்பு நாடகத்தைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் அந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது.

பெயரை எப்படிச் சொல்வது? வேறு என்ன படங்கள்? இவ்வளவு பெரிய நடிகைக்கு சினிமாவில் ஏன் இத்தனை சின்ன வேடம்? அந்த ஐரிஷ் மொழி விஷயம் என்ன? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

பழைய ரீல் எழுதியது:

படங்களை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். மேடை பற்றி எனக்குத் தெரியாது.

முதல் படம் 1947ல் 'ஹங்ரி ஹில்'. மறு வருடமே 'டாட்டர் ஆஃப் டார்க்னஸ்'. அதில் கதையே அவரைச் சுற்றித்தான் நடக்கும். அயர்லாந்துக் கிராமத்திலிருந்து இங்கிலாந்துப் பண்ணைக்கு வேலைக்கு வருகிற பெண். அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். ஒரு படமாவது முழுக்க அவரை நம்பி எடுத்தார்களே என்று எனக்கு சந்தோஷம்.

1961ல் 'கிங் ஆஃப் கிங்ஸ்'. நிக்கோலஸ் ரே இயக்கியது. அதில் இவர் மரியாள். இயேசுவாக நடித்த ஜெஃப்ரி ஹண்டரைவிட இவருக்கு மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். அவருக்கு அம்மா! 1965ல் டேவிட் லீனின் 'டாக்டர் ஷிவாகோ', அதிலும் அம்மா. நாற்பதைத் தொட்டதும் பெண் நடிகைக்கு வேறு என்ன தருவார்கள், நம் ஊரிலும் அதே கதைதானே. சினிமா அவரை வீணடித்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கால்வே மழை எழுதியது:

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் இரவு டியூட்டி முடிந்த களைப்பெல்லாம் போய்விட்டது. நான் இருப்பது அவருடைய ஊரில்தான், அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற கால்வேயில். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை.

முதலில் பெயர். 'ஷிவான்' என்று சொல்லுங்கள், 'வா'வை நீட்டி. அவர்கள் எழுத்தில் 'பி'க்குப் பிறகு 'எச்' வந்தால் 'வ' என்று ஒலிக்கும். வந்த புதிதில் நானும் எங்கள் இல்லத்துப் பாட்டிகளின் பெயரையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்து, அவர்கள் பொறுமையாகத் திருத்தித் திருத்தித்தான் கற்றுக்கொண்டேன். இன்னொன்று: ஷிவான் என்ற பெயரே ஐரிஷ் மொழியில் ஜோன்தான். 'செயின்ட் ஜோன்' நாடகம் ஐரிஷில் 'சான் ஷிவான்' ஆகிவிட்டது. தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட நாடகத்தை எழுதி, அதில் நடிக்கவும் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது பெல்ஃபாஸ்ட்டில். சின்ன வயதிலேயே குடும்பம் கால்வேக்கு வந்துவிட்டது. அப்பா இங்கே பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். வீட்டில் ஐரிஷ் பேச்சு. இது அப்போதும் சாதாரண விஷயம் இல்லை. படித்த குடும்பங்கள் ஆங்கிலத்துக்கு மாறிப் பல தலைமுறை ஆகியிருந்தது. ஐரிஷ் என்றால் மேற்குக் கரையில் மீன் பிடிப்பவர்களும் கல்லுக் காட்டில் உருளைக்கிழங்கு போடுபவர்களும் பேசுவது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

கால்வேயில் மிடில் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. அங்கே 'தைவ்யார்க்' என்ற அரங்கம் இருக்கிறது. 1928ல் தொடங்கியது, ஐரிஷ் மொழி நாடகங்களுக்கென்றே. கடைகளுக்கு நடுவில் இருப்பதால் அண்ணாந்து பெயரைப் பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். நான் இரண்டு வருடம் அப்படித்தான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த மேடையில்தான் 1940ல் ஷிவான் முதலில் ஏறினார். அப்போது அவர் மாணவி. அது சம்பளத்துக்கு நடிக்கிற இடம் இல்லை, மொழி மேல் பிரியம் இருந்தவர்கள் மாலையில் கூடி நாடகம் போட்ட இடம்.

அங்கிருந்து 1944ல் டப்ளின் போய், அயர்லாந்தின் தேசிய அரங்கமான அபே தியேட்டரில் சேர்ந்தார். அப்போது அபே நிர்வாகத்துக்கு ஐரிஷ் பேசத் தெரிந்த நடிகர்கள் வேண்டியிருந்தது. ஆக, கால்வேயில் பேசிய மொழியே டப்ளினில் கதவைத் திறந்துவிட்டது. 1946ல் அதே அபேயின் நடிகர் டெனிஸ் ஓ'டேயைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்கள் மகன் டோனகா ஓ'டே 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அயர்லாந்துக்காக நீந்தியவர்.

இப்போது 'சான் ஷிவான்'. 1950ல், பேர் வாங்கிய நடிகையான பிறகு, மறுபடி கால்வேக்கு வந்து அதே தைவ்யார்க் மேடையில் நடித்தார். மொழிபெயர்ப்பும் அவருடையதே. ஷா டப்ளின்காரர், ஆனால் நாடகத்தை எழுதியது ஆங்கிலத்தில். கதை உங்களுக்குத் தெரியும். ஜோன் பண்ணையில் வளர்ந்த பெண். படித்த பாதிரியார்கள், பிரபுக்கள், இளவரசன் எல்லோர் முன்னாலும் நின்று பயமில்லாமல் பேசுகிறாள். லண்டன் ஆங்கிலத்தில் இதைப் போட்டால் பிரபுவும் ஜோனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி கேட்கும். ஆனால் கால்வேக்கு மேற்கே இருக்கிற கொனமாராவின் ஐரிஷ் என்பது வயல் வரப்பில் இருக்கிற மொழி. அந்த மொழியில் ஜோனைப் பேசிப் பார்த்த பிறகு, அந்தப் பெண் யாரென்று ஷிவானுக்குப் பிடிபட்டுவிட்டது என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் 1953ல் டப்ளின் கேட் தியேட்டரில் அதே வேடத்தை ஆங்கிலத்தில் நடித்தபோது மேற்குக் கரைக்காரர்களின் இழுவையை அவர் விடவில்லை. 1954ல் லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரிலும் அப்படியே. 1956ல் நியூயார்க் ஃபீனிக்ஸ் தியேட்டரிலும் அப்படியே. அந்த செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. அமெரிக்க மேடைக்கான டோனி விருதுக்கும் இரண்டு தடவை பரிந்துரைக்கப்பட்டார். 1956ல் 'தி சாக் கார்டன்' நாடகத்துக்கு, 1958ல் 'தி ரோப் டான்சர்ஸ்' நாடகத்துக்கு.

அறையில் சின்னதாகப் பாடிப் பார்த்த பாட்டைப் பெரிய கச்சேரியில் அதே சுருதியில் பாடின மாதிரி. அது எல்லோராலும் ஆகிற காரியமா?

ஒத்திகை எழுதியது:

மிக்க நன்றி அக்கா. படித்துவிட்டு எங்கள் குழு வாட்ஸ்அப்பிலும் போட்டேன்.

ஒரு சந்தேகம். மொழிபெயர்த்தவரே நடித்ததால் கிடைத்த பலனா, அல்லது பேச்சு வழக்கின் பலனா? எங்கள் நாடகத்தில் மொழிபெயர்ப்பு சுத்தமாக இருக்கிறது, ஆனால் நடிக்கிற பெண்ணின் வாயில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. மூன்று வாரமாகத் திணறுகிறோம்.

முன்வரிசை எழுதியது:

நடுவில் வருகிறேன். நான் 'பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' படம் பார்த்திருக்கிறேன், 1962ல் வந்தது. பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கம். அதில் ஷிவான் மெக்கென்னாதான் கதாநாயகி பெகீன் மைக். படத்துக்கு மூலமான, அயர்லாந்துக்காரர் ஜே. எம். சிஞ்ச் எழுதிய நாடகத்தில் பெகீனுக்கு இருபது வயதுதான் இருக்கும். படம் எடுக்கும்போது இவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. கேமரா கிட்டே போகும்போதெல்லாம் எனக்கு அது இடித்தது. பெரிய நடிகை என்பதை மறுக்கவில்லை. ஆனால் மேடையில் எடுபடுவது திரையில் எடுபடாது என்பதற்கு இந்தப் படமே உதாரணம். சினிமா அவரை வீணடித்தது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் சினிமாவுக்கு ஏற்றவர் இல்லை என்பது என் எண்ணம்.

கால்வே மழை எழுதியது:

முன்வரிசை சொல்வதில் பாதி சரி. வயது தெரிகிறது, மறைக்க முடியாது. அவர் மேடையில் பல வருடம் பெகீனாக நடித்த பிறகுதான் படம் எடுத்தார்கள். பத்து வருடம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் ஒரு தடவை படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். சிஞ்ச் எழுதிய ஆங்கிலம் விசித்திரமானது. சொல் ஆங்கிலம், வாக்கியம் போகிற போக்கு ஐரிஷ். ஐரிஷ் தெரியாதவர்கள் பேசினால் அது செய்யுள் ஒப்பிப்பது மாதிரி இருக்கும். ஷிவான் பேசும்போது கடை முன்னால் நின்று ஒருத்தி அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் காதலன் கிறிஸ்டி போன பிறகு அவள் அழுகிறாள் பாருங்கள், அந்த இடத்தில் வயதெல்லாம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அவர் குரல் ஒலித்தட்டுகளிலும் இருக்கிறது. கேட்மன் நிறுவனம் எல்பி ரெக்கார்டுகளாகப் போட்டது. ஜாய்ஸின் 'யூலிசிஸ்' நாவலில் வரும் மாலி ப்ளூமை அவர் பேசியிருப்பதைக் கேளுங்கள், மூச்சு விடுகிற இடம்கூடத் தெரியாது. அதே மாலி ப்ளூம் அவருடைய தனிநபர் நிகழ்ச்சியிலும் உண்டு. 'ஹியர் ஆர் லேடீஸ்' என்று பேர். 1970ல் லண்டனில், அப்புறம் நியூயார்க்கில். யேட்ஸ், சிஞ்ச், ஓ'கேசி, பெக்கெட், ஜாய்ஸ் என்று அயர்லாந்துக்காரர்கள் எழுதிய பெண்களை ஒரு மாலையில் ஒரே ஆள் பேசிக் காட்டினார். 1957ல் நியூயார்க்கில் ஹாம்லெட்டாகவே நடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சோதனை முயற்சிதான், ஆனால் அதைச் செய்கிற துணிச்சல் வேண்டாமா? 1966ல் டப்ளின் கெயிட்டி தியேட்டரில் பீட்டர் ஓ'டூலோடு 'ஜூனோ அண்ட் தி பேகாக்'. இப்படி நிறைய. இவ்வளவும் செய்துகொண்டிருந்தவர் சினிமாவில் சின்ன வேடத்துக்கு வந்து போனதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வேலை மேடையில் இருந்தது.

ஒத்திகை கேட்டதற்கு வருகிறேன். இரண்டும்தான் என்று சொல்வேன். ஆனால் எனக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெரியாது, அதனால் இன்னொரு நாடகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1985 டிசம்பர் 5ஆம் தேதி, கால்வே ட்ரூயிட் தியேட்டரில் 'பால்யகங்காரா' என்ற நாடகம் முதலில் மேடையேறியது. எழுதியவர் டாம் மர்ஃபி, பக்கத்து ஊர் டூவம்காரர். இயக்கம் காரி ஹைன்ஸ். 1998ல் நாடக இயக்கத்துக்கான டோனி விருது வாங்கினாரே, அவர்தான். அரங்கம் சின்னது. நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். தைவ்யார்க்கிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நாற்பத்தைந்து வருடத்தில் லண்டன், நியூயார்க், ஹாலிவுட் எல்லாம் சுற்றிவிட்டு ஷிவான் வந்து நின்ற இடம், ஆரம்பித்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி.

அதில் அவர் மொமோ என்ற கிழவி. நாடகம் முழுக்கக் கட்டிலில்தான். ஓலைக் கூரை வீட்டு அடுப்படியில் கட்டில். புத்தி கலங்கிவிட்டது. பேத்தி மேரி லண்டனில் நர்ஸாக இருந்துவிட்டு வந்து பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். பாட்டிக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் ஒரே கதையைச் சொல்கிறாள். ஒரு ஊருக்கு 'சிரிப்பில்லாத ஊர்' என்று எப்படிப் பெயர் வந்தது என்ற கதை. பால்யகங்காரா என்றால் அதுதான் அர்த்தம். சந்தைக்குப் போய்த் திரும்புகிற புருஷனும் பெண்சாதியும், பனி உறைந்து வண்டி மேடு ஏறாமல் அந்த ஊரில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே யார் அதிகம் சிரிப்பது என்று போட்டி. எதைச் சொல்லிச் சிரிப்பது? அவரவருக்கு வந்த துன்பங்களைச் சொல்லிச் சொல்லி. கிழவி கதையை முடிப்பதே இல்லை. முடிவுக்குக் கிட்டே வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஏனென்றால் கதையில் வரும் அந்தப் பெண்சாதி அவளேதான், கதை முடிகிற இடத்தில், வீட்டில் காத்திருந்த பேரன் தீயில் போனது இருக்கிறது. 'முடித்துவிடு பாட்டி' என்று அன்றைக்கு மேரி விடாப்பிடியாக நிற்கிறாள்.

என் வேலை இது, அதனால் சொல்கிறேன். எங்கள் இல்லத்தில் ஞாபகம் போனவர்கள் இருக்கிறார்கள். சிலர் ஆங்கிலத்தை மறந்துவிட்டுச் சின்ன வயது ஐரிஷுக்குத் திரும்பிவிடுவார்கள். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட ஐரிஷில்தான் கேட்பார்கள். மொமோவின் பேச்சில் நடுநடுவே ஐரிஷ் வார்த்தைகள் அப்படித்தான் வந்து விழுகின்றன. வேறு நடிகை என்றால் அவற்றை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஷிவானுக்கு அவை வீட்டுப் பேச்சு.

அந்த நாடகத்தை 1985ல் நேரில் பார்த்த ஒரு பாட்டி எங்களிடம் இருந்தார். போன வருடம் காலமாகிவிட்டார். சாயங்காலம் மருந்து கொடுக்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்வார். இரண்டாவது வரிசை, முழங்காலை நீட்டினால் கட்டிலில் இடிக்கும், அவ்வளவு கிட்டே. ஷிவான் போர்வைக்கு மேலே கையை வைத்து, விரலால் போர்வை ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டே பேசினாராம். அதைச் சொல்லும்போது இந்தப் பாட்டியும் என் யூனிஃபார்ம் ஓரத்தை அதே மாதிரி மடிப்பார். எங்கள் வார்டில் எல்லாப் பாட்டிகளும் போர்வையை அப்படித்தான் மடிப்பார்கள், ஒத்திகை. எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது என் கண்ணில் பட்டதே அந்தப் பாட்டி சொன்ன பிறகுதான்.

அடுத்த வருடம் நாடகம் லண்டனுக்குப் போனது. 1986 நவம்பர் 16ஆம் தேதி ஷிவான் இறந்துபோனார். மொமோதான் அவருடைய கடைசிப் பெரிய வேடம். கால்வேக்கு மேற்கே ரஹூன் மேட்டில் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். 1985ல் பேத்தி மேரியாக நடித்த மேரி மல்லன், 2014ல் ட்ரூயிட் மறுபடி போட்டபோது தானே மொமோவாகக் கட்டிலில் படுத்தார்.

பழைய ரீல் எழுதியது:

வீணடித்தது என்று நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் சகோதரி. கேட்மன் ரெக்கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் இங்கே சொல்கிறேன்.

ஒத்திகை எழுதியது:

அக்கா, நேற்று ராத்திரி ஒத்திகையில் வசனத் தாளை வாங்கி வைத்துவிட்டேன். 'இதே விஷயத்தை உன் பாட்டி சொன்னால் எப்படிச் சொல்லுவாள், அப்படிச் சொல்' என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். டீ கொண்டு வந்த பையன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். இரண்டாவது காட்சி முழுவதையும் இந்த வாரம் அவளோடு உட்கார்ந்து திரும்ப எழுதப் போகிறேன்.